அத்தியாயம் 6: ஒன்றுக்கு மேல் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினி எழும்பாவிட்டால்

கொடிகாமத்தில் ஒரே பெட்டிக்குள் மூன்று நான்கு ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்கள் யார் என்று கேட்டால் கல்யாண வீடியோ எடுப்பவர்களைத்தான் முதலில் காட்ட வேண்டும். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் ஒரு டிஸ்க் போதும். வீடியோக்காரருக்குப் போதாது. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதியும் கமரா ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிகாபைட் இடம் பிடிக்கும். பொன்னுருக்கில் தொடங்கி நாலாம் சடங்கு வரை இரண்டு கமரா ஓடினால் ஒரு கல்யாணமே ஒரு சிறிய டிஸ்க்கை நிரப்பிவிடும். வேலை முடிந்ததும் அழித்துவிடலாமா என்றால் அதுவும் முடியாது. கனடாவில் இருக்கும் மாப்பிள்ளையின் சித்தி ஆறு மாதம் கழித்து ரெலிபோன் எடுத்து, தான் கண்ணை மூடியிருக்கும் படத்தை ஆல்பத்தில் மாற்றித் தரச் சொல்வார்.

ஆகவே டிஸ்க் கூடிக்கொண்டே போகும். கணினி வாங்கியபோது வந்த 500 ஜிகாபைட் ஒன்று, வேலை கூடியபோது போட்ட 2 டெராபைட் ஒன்று, வேகத்துக்காகப் பின்னர் சேர்த்த எஸ்எஸ்டி ஒன்று, வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து தந்ததை உடைத்து உள்ளே பூட்டியது இன்னொன்று. எதையும் கழற்ற மனம் வராது. இப்படி வளர்ந்த பெட்டி ஒரு நாள் காலை எழும்ப மறுக்கும். அன்றைக்குத்தான் யாருக்காவது ஆல்பம் கொடுக்க வேண்டிய நாளாகவும் இருக்கும்.

இந்த அத்தியாயம் அப்படிப்பட்ட மேசைக் கணினிகளுக்கானது. மடிக்கணினிக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

விண்டோஸ் இருக்கும் இடமும் தொடக்கக் கோப்பு இருக்கும் இடமும்

மின்பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது மதர்போட்டில் இருக்கும் பயோஸ். அது நினைவகம், விசைப்பலகை, டிஸ்க்குகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, தன்னிடமுள்ள வரிசைப்பட்டியலின்படி ஒரு டிஸ்க்கைத் தெரிந்தெடுக்கும். அந்த டிஸ்க்கில் சிறிய தொடக்கக் கோப்புகள் இருக்க வேண்டும். அந்தக் கோப்புகள்தான் விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று சொல்லி அதை எழுப்பும்.

பலரும் கவனிக்காதது இதுதான்: விண்டோஸ் ஒரு டிஸ்க்கிலும் அதை எழுப்பும் கோப்புகள் வேறொரு டிஸ்க்கிலும் இருக்கலாம். வீடு இங்கே, திறப்பு பக்கத்து வீட்டில் என்ற நிலை. பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இருக்கும் வரைக்கும் ஒரு குறையும் தெரியாது.

இது எப்படி நடக்கிறது? பழைய டிஸ்க் பூட்டியிருக்கும்போதே புது எஸ்எஸ்டியைப் பூட்டி அதில் விண்டோஸ் ஏற்றுகிறோம். பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே ஒரு தொடக்கப் பகுதி இருப்பதை நிறுவல் மென்பொருள் கண்டுவிட்டால், பல வேளைகளில் புதிதாக ஒன்றை உருவாக்காமல் அதையே பயன்படுத்திக்கொள்ளும். திரையில் எதுவும் சொல்லாது. கணினி வேகமாக வேலை செய்யும், எல்லோருக்கும் சந்தோசம். இரண்டு வருடம் கழித்து அந்தப் பழைய டிஸ்க் செத்தாலோ, "இது இனி எதுக்கு" என்று யாராவது கழற்றினாலோ புது எஸ்எஸ்டியும் சேர்ந்து விழும். எஸ்எஸ்டியில் ஒரு பழுதும் இருக்காது. எழும்பாத கணினியோடு வருகிறவர்களில் பலர் "எஸ்எஸ்டி போட்டுது" என்று முடிவெடுத்துவிட்டுத்தான் வருவார்கள்.

உங்கள் கணினி இன்றைக்கு நன்றாக இருக்கிறது என்றால் இப்போதே ஒருமுறை பார்த்துவையுங்கள். விண்டோஸின் டிஸ்க் மனேஜ்மென்ட் பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு பகுதியின் கீழும் சில சொற்கள் இருக்கும். 'சிஸ்டம்' என்று எழுதியிருப்பது தொடக்கக் கோப்புகள் உள்ள பகுதி. 'பூட்' என்று எழுதியிருப்பது விண்டோஸ் உள்ள பகுதி. தலைகீழாகத் தோன்றினாலும் மைக்ரோசொஃப்ட் வைத்த முறை அதுதான். இரண்டு சொல்லும் ஒரே டிஸ்க்கின் வரிசையில் இருந்தால் நிம்மதி. வெவ்வேறு வரிசையில் இருந்தால் அந்தப் பழைய டிஸ்க்கைத் தொடாதீர்கள். முதலில் கீழே சொல்லியிருக்கும் திருத்தத்தைச் செய்யுங்கள்.

திரையில் என்ன எழுதியிருக்கிறது

கடைகளில் அடிக்கடி கேட்கும் உரையாடல் இது.

"அண்ணை, நேற்று வரைக்கும் நல்லா வேலை செய்தது. இண்டைக்குக் கறுப்புத் திரையிலை ஏதோ எழுத்து வருது."

"என்ன எழுத்து எண்டு வாசிச்சனியே தம்பி?"

"இல்லை அண்ணை, உடனை நிப்பாட்டிப்போட்டுக் கொண்டு வந்திட்டன்."

நிப்பாட்டுவதற்கு முன் கைத்தொலைபேசியால் ஒரு படம் எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எழுத்துக்களை மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம்.

'ரீபூட் அண்ட் செலெக்ட் ப்ரொப்பர் பூட் டிவைஸ்', 'நோ பூட்டபிள் டிவைஸ்', 'ஒப்பரேட்டிங் சிஸ்டம் நொட் ஃபவுண்ட்' என்று வந்தால், பயோஸ் தேடிப் பார்த்த டிஸ்க்கில் தொடக்கக் கோப்பு இல்லை. தவறான டிஸ்க்கைப் பார்த்திருக்கலாம், அல்லது சரியான டிஸ்க் அதன் கண்ணுக்கே தெரியாமல் இருக்கலாம்.

'பூட் மனேஜர் இஸ் மிஸ்ஸிங்' என்றாலோ, நீலத் திரையில் சுழியம்-எக்ஸ்-சி என்று தொடங்கும் எண் வந்தாலோ, தொடக்கப் பாதையில் கொஞ்சத் தூரம் போய்விட்டு அடுத்த படியைக் காணாமல் நிற்கிறது. திறப்பு இருக்கிறது, வீடு அந்த இடத்தில் இல்லை என்ற நிலை பெரும்பாலும் இதுதான்.

'ஸ்மார்ட் ஸ்டேட்டஸ் பாட், பேக்கப் அண்ட் ரிப்ளேஸ்' என்று வந்தால் இந்த அத்தியாயத்தின் நடுப்பகுதியை விட்டுவிட்டு நேரே "சாகப்போகும் டிஸ்க்" பகுதிக்குப் போங்கள். அது டிஸ்க்கே தன் வாயால் சொல்லும் செய்தி.

எழுத்தே வராமல் திரை கறுப்பாகவே இருந்து, பெட்டியிலிருந்து பீப் சத்தம் கேட்டால் பிரச்சினை பெரும்பாலும் டிஸ்க்கில் இல்லை. நினைவகம், திரை அட்டை பற்றிய முன் அத்தியாயத்தைப் பாருங்கள்.

பெட்டியைத் திறக்கும் முன்

யூஎஸ்பி துளைகளில் இருப்பதையெல்லாம் கழற்றுங்கள். பென் டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க், கமரா காட் செருகிய ரீடர், எல்லாம். விசைப்பலகையும் மவுஸும் மட்டும் இருக்கட்டும். இரவு காட்டிலிருந்து படங்களை இறக்கிவிட்டு அப்படியே நிப்பாட்டிவிட்டுப் போனால், காலையில் பயோஸ் அந்தக் காட்டை ஒரு டிஸ்க்காக எண்ணி அதற்குள் விண்டோஸைத் தேடக்கூடும். ஸ்ரூடியோக்களில் இது சாதாரணமாக நடப்பது. இதற்கு யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது, பூட் மெனு. கணினியை இயக்கிய உடனேயே ஒரு விசையை விட்டு விட்டு அழுத்திக்கொண்டிருந்தால் டிஸ்க்குகளின் பட்டியல் வரும். டெல், லெனோவோ, ஏசர், ஜிகாபைட் என்றால் எஃப் 12. எச்பி என்றால் எஃப் 9. ஆசுஸ் மதர்போட்டுக்கு எஃப் 8. எம்எஸ்ஐ, ஏஎஸ்ரொக் இரண்டுக்கும் எஃப் 11. பட்டியலில் 'விண்டோஸ் பூட் மனேஜர்' என்று ஒரு வரி இருந்தால் அதைத்தான் தெரிந்தெடுக்க வேண்டும். வெறும் டிஸ்க்கின் பெயரை அல்ல. அதில் எழும்பினால் வரிசைதான் குழம்பியிருக்கிறது. பயோஸுக்குள் போய் அதே வரியை முதலாவதாக வைத்துச் சேமித்துவிட்டால் வேலை முடிந்தது.

பழைய மதர்போட்களில் ஒரு பொறி இருக்கிறது. பூட் வரிசையில் "ஹார்ட் டிஸ்க்" என்று ஒரே ஒரு வரிதான் தெரியும், அதில் ஒரு டிஸ்க்கின் பெயர் மட்டும் இருக்கும். மற்ற டிஸ்க்குகளைக் காணவில்லையே என்று பலர் கேபிளைக் கழற்றத் தொடங்கிவிடுவார்கள். அவை காணாமல் போகவில்லை. ஹார்ட் டிஸ்க்குகளுக்கு இடையிலான முன்னுரிமையை மாற்ற அதே பக்கத்தில் கீழே தனியாக ஒரு உள்பட்டியல் இருக்கும். அங்கே எஸ்எஸ்டியை மேலே கொண்டுவந்தால் வெளிப்பட்டியலிலும் அது தானாக வந்துவிடும்.

ஒன்றை விட்டு மற்றதெல்லாம் கழற்றுதல்

மேலே சொன்னவற்றால் சரிவரவில்லை என்றால் பெட்டியைத் திறக்க வேண்டியதுதான். சுவரில் சுவிச்சை நிப்பாட்டி, பிளக்கைப் பிடுங்கி, மின்பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிஞ்சிய மின்சாரம் வடியும். உலோகச் சட்டத்தை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இப்போது விண்டோஸ் உள்ள டிஸ்க் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லா டிஸ்க்கின் கேபிளையும் கழற்றுங்கள். டேட்டா கேபிள், மின் கேபிள் இரண்டையும். எந்தக் கேபிள் எந்தத் துளையில் இருந்தது என்று கழற்றும் முன்னரே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கின் மேல் ஒட்டுப் போட்டு 1, 2, 3 என்று எழுதினால் இன்னும் நல்லது.

இந்த ஒரு சோதனையிலேயே நிறையத் தெரியவரும். ஒற்றை டிஸ்க்கோடு கணினி எழும்பினால், விண்டோஸும் தொடக்கக் கோப்பும் அதிலேயே நலமாக இருக்கின்றன. குழப்பியது மற்ற டிஸ்க்குகளில் ஒன்று. நிப்பாட்டிவிட்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பூட்டி, ஒவ்வொரு முறையும் இயக்கிப் பாருங்கள். எதைப் பூட்டியதும் பிடிவாதம் தொடங்குகிறதோ அதுதான் ஆள். அதன் கேபிளையும் துளையையும் மாற்றிப் பார்க்காமல் டிஸ்க்கின் மேல் பழி போட வேண்டாம். சாட்டா கேபிள் மலிவான பொருள். கழற்றிப் பூட்டிக் கழற்றிப் பூட்டி அதன் பிடி தளர்ந்திருக்கும். கச்சாய்ப் பக்கத்திலிருந்து உப்புக் காற்று வருகிற ஊரில் அதன் முனைகளும் விரைவாகக் கறுக்கும்.

ஒற்றை டிஸ்க்கோடும் எழும்பவில்லை, ஆனால் பயோஸுக்குள் அதன் பெயர் தெரிகிறது என்றால் திறப்பு வேறு டிஸ்க்கில் இருக்கிறது, அல்லது கெட்டுவிட்டது. பெயரே தெரியவில்லை என்றால் கேபிள், துளை, மின், அதன் பிறகுதான் டிஸ்க்.

எம்.2 வகை எஸ்எஸ்டி புதிதாகப் பூட்டிய பிறகு ஒரு பழைய டிஸ்க் காணாமல் போய்விட்டது என்றால் பயப்பட வேண்டாம். பல மதர்போட்களில் எம்.2 துளையும் ஏதாவது ஒரு சாட்டா துளையும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று வேலை செய்தால் மற்றது நின்றுவிடும். எந்தத் துளை என்று மதர்போட் கைநூலில் இருக்கும். டிஸ்க்கை வேறு துளைக்கு மாற்றினால் திரும்பி வந்துவிடும். எச் 61 போன்ற பழைய மதர்போட்டில் அடப்டர் வழியாக என்விஎம்இ எஸ்எஸ்டி பூட்டுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: விண்டோஸுக்குள் போன பிறகு அது தெரியும், ஆனால் அந்தப் பயோஸுக்கு அதிலிருந்து எழும்பத் தெரியாது. அப்படிப்பட்ட பெட்டிக்குச் சாட்டா எஸ்எஸ்டிதான் புத்தியான செலவு.

திறப்பைச் சரியான டிஸ்க்குக்கு மாற்றுதல்

விண்டோஸ் நிறுவும் பென் டிரைவ் ஒன்று வேண்டும். எஸ்எஸ்டியை மட்டும் பூட்டிய நிலையில் அந்தப் பென் டிரைவிலிருந்து கணினியை எழுப்புங்கள். மொழி கேட்கும் முதல் திரையிலேயே ஷிஃப்டையும் எஃப் 10-ஐயும் சேர்த்து அழுத்தினால் கறுப்புக் கட்டளைத் திரை திறக்கும். இனி வருகிற கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தருகிறேன். தட்டுவது ஆங்கில எழுத்தில்.

முதலில் 'டிஸ்க்பார்ட்', பிறகு 'லிஸ்ட் வொலியூம்'. வரும் பட்டியலில் இரண்டு விடயம் தேடுங்கள். ஒன்று, விண்டோஸ் உள்ள பெரிய பகுதி. அதற்கு வழக்கமான சி என்ற எழுத்துத்தான் இருக்கும் என்று நம்ப வேண்டாம். இந்தத் திரையில் அது டி ஆகவும் இருக்கலாம். மற்றது, ஃபாட் 32 என்று குறித்த, 100 மெகாபைட் அல்லது அதைவிடச் சற்றுக் கூடிய சிறிய பகுதி. அந்தச் சிறிய பகுதி எஸ்எஸ்டியிலேயே இருந்தால் அதன் எண்ணைக் கொடுத்து 'செலெக்ட் வொலியூம்', அடுத்து 'அசைன் லெட்டர்' சமன் எஸ், பிறகு 'எக்ஸிட்'.

இப்போது முக்கியமான வரி: 'பிசிடிபூட்', இடைவெளி, விண்டோஸ் பகுதியின் எழுத்து, முக்காற்புள்ளி, பின்சாய்கோடு, 'விண்டோஸ்', இடைவெளி, முன்சாய்கோடு எஸ், இடைவெளி, எஸ் முக்காற்புள்ளி, இடைவெளி, முன்சாய்கோடு எஃப், இடைவெளி, 'யூஇஎஃப்ஐ'. தொடக்கக் கோப்புகள் உருவாகிவிட்டன என்று ஒரு வரி வந்தால் பென் டிரைவைக் கழற்றி மீண்டும் இயக்குங்கள்.

ஃபாட் 32 பகுதியே எஸ்எஸ்டியில் இல்லை என்றால் முதலில் ஒன்றை உருவாக்க வேண்டும். டிஸ்க்பார்ட்டுக்குள் விண்டோஸ் பகுதியைத் தெரிந்தெடுத்து 300 மெகாபைட் சுருக்கி, அந்த இடத்தில் 260 மெகாபைட்டில் ஒரு இஎஃப்ஐ பகுதி அமைத்து, அதை ஃபாட் 32 ஆகப் போமற் செய்து, எழுத்துக் கொடுத்து, மேலே சொன்ன வரிக்கு வரவேண்டும். டிஸ்க் ஜிபிரி என்ற புதிய பிரிப்பு முறையில் இருந்தால்தான் இது சரிவரும். செய்வது கடினமில்லை. ஆனால் டிஸ்க்பார்ட் "நிச்சயமா?" என்று கேட்பதில்லை, எண் ஒன்று பிழைத்தால் வேறொரு வீட்டுக் கல்யாணம் போய்விடும். மற்ற டிஸ்க்குகளைக் கழற்றிவிட்டு இதைச் செய்யச் சொல்வது அதனால்தான். ஒரு டிஸ்க் மட்டும் இருக்கும் பெட்டியில் தவறான டிஸ்க்கைத் தொட முடியாது.

புதிதாக விண்டோஸ் ஏற்றுவதானாலும் இதே விதி. ஏற்றப்போகும் டிஸ்க் ஒன்றுதான் பூட்டியிருக்க வேண்டும். விண்டோஸ் முழுதாக எழும்பி, ஒருமுறை நிப்பாட்டித் திரும்ப எழும்பிய பிறகு மற்றவற்றைப் பூட்டுங்கள். பழைய டிஸ்க்கை எஸ்எஸ்டிக்கு அப்படியே நகலெடுத்தவர்களும், முதல் தடவை நகலை மட்டும் பூட்டியே எழுப்ப வேண்டும். மூலமும் நகலும் ஒரே அடையாள எண்ணோடு ஒரே பெட்டிக்குள் இருந்தால் விண்டோஸ் ஒன்றை முடக்கி வைத்துவிடும். எதை முடக்கியது என்று தேடுவதற்குள் பொழுது போய்விடும்.

மின்னலும் நாணயப் பற்றறியும்

ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் வீட்டில் முதலில் செய்வது பிளக்குகளைப் பிடுங்குவது. நல்ல பழக்கம். விட வேண்டாம். ஆனால் அதற்கு ஒரு பக்கவிளைவு இருக்கிறது. மதர்போட்டில் நாணயம் போல ஒரு பற்றறி இருக்கும். சிஆர் 2032, 3 வோல்ட். பயோஸின் கடிகாரத்தையும் அமைப்புகளையும் அதுதான் காக்கிறது. பிளக் செருகியிருக்கும்போது கடிகாரம் பெரும்பாலும் சுவர் மின்சாரத்திலிருந்தே ஓடும், பற்றறிக்கு ஓய்வு. பிளக்கைப் பிடுங்கி வைத்த நாள்களில் முழுச் சுமையும் அந்தப் பற்றறியின் மேல். கிழமைக் கணக்கில் பிடுங்கி வைக்கிற கணினியில் அது சீக்கிரம் தேய்ந்துவிடும்.

பற்றறி செத்தால் பயோஸ் தொழிற்சாலை நினைவுக்குத் திரும்பும். ஒரு டிஸ்க் உள்ள கணினியில் பெரும்பாலும் திகதி மட்டும்தான் பிழைக்கும், யாரும் கவனிப்பதில்லை. நான்கு டிஸ்க் உள்ள கணினியில் பூட் வரிசையும் கலைந்து, முதல் துளையில் இருக்கும் படப் பெட்டகத்துக்குள் பயோஸ் விண்டோஸைத் தேடும். சாட்டா முறையும் ஏஎச்சிஐ-யிலிருந்து ஐடிஇ-க்கோ ரெயிட்-க்கோ மாறியிருந்தால் விண்டோஸ் சின்னம் வந்து, 'இன்எக்ஸெஸிபிள் பூட் டிவைஸ்' என்ற நீலத் திரையோடு விழும். இதைக் கண்டவுடன் விண்டோஸைத் திரும்ப ஏற்றுகிறவர்கள் உண்டு. வேண்டாத வேலை. பயோஸுக்குள் போய்த் திகதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் பற்றறியை மாற்றி, சாட்டா முறையையும் பூட் வரிசையையும் பழையபடி வையுங்கள். பழையபடி என்றால் எப்படி என்று தெரிய, கணினி நன்றாக இருக்கும்போதே பயோஸ் பக்கங்களைப் படமெடுத்து வைத்திருக்க வேண்டும்.

விண்டோஸ் 11-க்கு மாறும்போது

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-ஆம் திகதியோடு முடிந்தது. அதை ஒட்டிப் பலர் விண்டோஸ் 11-க்கு மாறினார்கள், இன்னும் மாறுகிறார்கள். அது யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் எழும்பும் கணினியைக் கேட்கும். உடனே பயோஸுக்குள் போய் சிஎஸ்எம் என்ற பழைய முறையை யாராவது நிப்பாட்டிவிடுவார்கள். அடுத்த முறை இயக்கினால் பட்டியலில் டிஸ்க்கே இல்லை. காரணம், அந்த விண்டோஸ் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க்கில் இருக்கிறது. யூஇஎஃப்ஐ-க்கு ஜிபிரி வேண்டும். சிஎஸ்எம்-ஐத் திரும்ப இயக்கினால் கணினி பழையபடி எழும்பும். ஒன்றும் அழியவில்லை.

நிலையாக மாற வேண்டும் என்றால் விண்டோஸோடு வரும் 'எம்பிஆர் டு ஜிபிரி' கருவி, உள்ளதை அழிக்காமல் அந்த டிஸ்க்கை மாற்றித் தரும். டிஸ்க்கில் மூன்றுக்கு மேல் முதன்மைப் பகுதி இருக்கக் கூடாது. மாற்றிய பிறகுதான் சிஎஸ்எம்-ஐ நிப்பாட்ட வேண்டும். படங்கள் வைத்திருக்கும் மற்ற டிஸ்க்குகளை மாற்றத் தேவையே இல்லை. எழும்பும் டிஸ்க்குக்குத்தான் ஜிபிரி கட்டாயம். எம்பிஆரில் இருக்கும் சேமிப்பு டிஸ்க்கை விண்டோஸ் 11 சாதாரணமாக வாசிக்கும். இதைத் தெரியாமல் எல்லா டிஸ்க்கையும் "கன்வேர்ட்" செய்கிறேன் என்று வெளிக்கிட்டு அழித்துக்கொள்ள வேண்டாம். ஒரு விதிவிலக்கு: 4 டெராபைட் டிஸ்க்கில் 2 டெராபைட் மட்டும் தெரிந்தால் எம்பிஆரின் எல்லை அதுதான். உள்ளிருப்பதை வேறிடத்துக்கு எடுத்துவிட்டு ஜிபிரி ஆக்குங்கள்.

விண்டோஸ் 11 உள்ள கணினியில் பயோஸைத் தொடும் முன் பிட்லொக்கர் என்ற டிஸ்க் பூட்டு இயங்குகிறதா என்று பாருங்கள். மைக்ரோசொஃப்ட் கணக்கோடு ஏற்றிய புதிய பதிப்புகளில் அது கேட்காமலே இயங்கியிருக்கலாம். அமைப்பை மாற்றியதும் 48 இலக்க மீட்புத் திறவெண்ணைக் கேட்கும். அந்த எண் கணக்கின் இணையப் பக்கத்தில் இருக்கும். கணக்கை யார் எந்த மின்னஞ்சலில் திறந்தார் என்பதே மறந்திருந்தால் அந்தப் பூட்டைத் திறக்க எந்தக் கடைக்காரராலும் முடியாது.

இரண்டாம் முறை எழும்பும் கணினி

காலையில் முதல் தடவை எழும்பாது. நிப்பாட்டாமல் ரீசெட் பொத்தானை அழுத்தினால் எழும்பிவிடும். அதன் பிறகு நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை. இந்த அறிகுறியைக் கேட்டால் பவர் சப்ளையைப் பாருங்கள்.

3.5 அங்குல டிஸ்க் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட் வழியில் 2 அம்பியர் அளவுக்கு இழுக்கும், அதாவது 24 வாட்ஸ். சுழன்ற பிறகு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். நான்கு டிஸ்க் ஒரே நொடியில் தொடங்கினால் 100 வாட்ஸை நெருங்கும். பெட்டியோடு சும்மா வந்த பவர் சப்ளையில் அட்டையில் எழுதியது ஒன்று, கொடுப்பது ஒன்று. மின்னழுத்தம் ஒரு கணம் சரிய, ஒரு டிஸ்க் நேரத்துக்குச் சுழலாமல் பயோஸின் கண்ணுக்குத் தப்பிவிடும். ரீசெட் அழுத்தும்போது டிஸ்க்குகள் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருப்பதால் எல்லாம் சரியாகிவிடும். இரண்டு சேமிப்பு டிஸ்க்கின் மின் கேபிளைக் கழற்றி ஒரு காலை சோதித்தால் உறுதியாகத் தெரிந்துவிடும்.

நல்ல பவர் சப்ளை வாங்குவதில் கஞ்சம் வேண்டாம். கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வாங்கினாலும் யாழ்ப்பாணத்தில் வாங்கினாலும் உத்தரவாத அட்டையோடு வாங்குங்கள். கழற்றிப் பூட்டும் கேபிள் வகை என்றால் பழைய பவர் சப்ளையின் கேபிளைப் புதியதில் செருகவே கூடாது. துளை பொருந்தும், உள்ளே வயர் வரிசை வேறாக இருக்கும். இயக்கிய கணத்தில் எல்லா டிஸ்க்கும் எரியும். மொலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் வயர்களில், பிளாஸ்டிக் வார்த்து மூடிய மலிவு வகை உள்ளே உரசிப் பற்றிக்கொள்ளும். அதையும் தவிருங்கள்.

கறண்டைப் பற்றி இந்த ஊராருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் முழு இலங்கையும் இருண்டது. கறண்ட் வந்து, போய், திரும்ப வரும் அந்த நிமிடங்கள்தான் டிஸ்க்குக்கு ஆபத்து. பயோஸில், மின்சாரம் திரும்பியதும் கணினி தானாக இயங்க வேண்டுமா என்று கேட்கும் ஒரு வரி இருக்கும். அதை 'பவர் ஓஃப்' என்று வையுங்கள். யூபிஎஸ் வாங்கும்போதும் திரையையும் டிஸ்க்குகளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து வாங்குங்கள்.

சாகப்போகும் டிஸ்க்

விண்டோஸ் டிஸ்க் நலமாக இருந்தும் சின்னம் சுற்றிக்கொண்டே பத்து நிமிடம் போகிறதா? பெட்டியிலிருந்து "டிக், டிக்" என்று தாளம் கேட்கிறதா? சேமிப்பு டிஸ்க்குகளில் ஒன்று பதில் சொல்ல முடியாமல் தவிக்கிறது. விண்டோஸ் அதற்காகக் காத்திருக்கிறது. அதைக் கழற்றினால் கணினி உடனே எழும்பும். எழும்பியதும் அவசரப்பட்டு அதைத் திரும்பப் பூட்ட வேண்டாம்.

செய்யக் கூடாதவை முதலில். செக்டிஸ்க் ஓட விடாதீர்கள். அது கோப்பு முறையை ஒழுங்குபடுத்தும் கருவி, செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் உழைக்க வைத்தே கொன்றுவிடும். தொடக்கத்தில் அது தானாக வந்தால் விசை ஒன்றை அழுத்தித் தவிர்க்கலாம். 'போமற் செய்யவேண்டும்' என்றோ 'இனிஷியலைஸ்' என்றோ ஒரு சிறு கட்டம் வந்தால் வேண்டாம் என்று மூடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுக்கும் வைத்தியத்தை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். எங்கள் காற்றின் ஈரப்பதத்தில் உள்ளே தண்ணீர் படியும்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். பட்டியலில் 05, சி5, சி6 என்ற வரிகளின் கடைசி எண் சுழியமாக இருந்தால் நல்லது. நாளுக்கு நாள் ஏறினால் நாள் எண்ணுகிறது. தனி மின் அடப்டர் உள்ள யூஎஸ்பி டொக்கில் அந்த டிஸ்க்கை வைத்து, லினக்ஸ் பென் டிரைவிலிருந்து 'டிடிரெஸ்க்யூ' கொண்டு வேறு டிஸ்க்குக்கு முழுப் படிமம் எடுப்பதே சிறந்த வழி. வாசிக்கக்கூடிய இடங்களை அது முதலில் எடுத்துக்கொள்ளும், கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். அது முடியாவிட்டால் கோப்புகளைக் கையால் எடுங்கள். திரும்ப எடுக்க முடியாதவை முன்னே, முடித்த வீடியோவின் பெரிய கோப்புகள் பின்னே. 2000-ஆம் ஆண்டு தென்மராட்சி இடப்பெயர்வில் ஆல்பங்களை விட்டுவிட்டு ஓடிய குடும்பங்கள் இங்கே பல. வெளிநாட்டு உறவினரிடமிருந்த பிரதியை வாங்கி ஸ்கான் செய்து வைத்த படம் ஒன்று, கல்யாண வீடியோக்களுக்கு நடுவே யாருக்கும் நினைவில்லாத மடிப்பில் கிடக்கும். அவை எடுப்பதற்கு நிமிடம்கூடப் பிடிக்காத சிறிய கோப்புகள். முதலில் அவற்றைத் தேடுங்கள்.

டிக் சத்தம் பலமாக இருந்தால், அல்லது டிஸ்க் கீழே விழுந்திருந்தால், ஒரு தரம்கூட மின் கொடுக்காமல் மீட்பு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். அனுப்பும்போது நுரைப் பொதியில் சுற்றி யாராவது கையில் கொண்டுபோகட்டும்.

வெளி டிஸ்க்கை உடைத்து உள்ளே பூட்டியவர்களுக்கு இரண்டு வார்த்தை. பூட்டியதும் காலி டிஸ்க் போலத் தெரிந்தால் அது செத்துவிடவில்லை. சில வெளி டிஸ்க் கூடுகள் தரவை வேறு அளவில் அடுக்கியோ மறையாக்கம் செய்தோ எழுதுகின்றன; அதே கூட்டுக்குள் திரும்ப வைத்தால் எல்லாம் தெரியும். பூட்டிய பிறகு சுழலவே இல்லை என்றால், புதிய வகை டிஸ்க்கின் மூன்றாவது மின்முனைக்குப் பழைய பவர் சப்ளை 3.3 வோல்ட் கொடுத்து அதை உறங்க வைத்திருக்கலாம். அந்த வோல்ட் இல்லாத, நல்ல தரமான மொலெக்ஸ் மாற்றி வயரால் விழிக்கும்.

அகலமான நாடா கேபிள் உள்ள ஐடிஇ டிஸ்க் இன்னும் யாரிடமாவது இருந்தால், அதற்காக ஒரு பழைய கணினியை உயிரோடு வைத்திருக்க வேண்டாம். பின்பக்கத்துச் சிறு ஜம்பரை மாஸ்டர் நிலையில் வைத்து, ஐடிஇ-யிலிருந்து யூஎஸ்பிக்கு மாற்றும் கருவியில் பூட்டி உள்ளிருப்பதை எடுத்துவிடுங்கள். கருவியோடு தனி மின் அடப்டர் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். யூஎஸ்பி துளையின் மின்சாரத்தில் மேசைக் கணினி டிஸ்க் சுழலாது.